படைவீரரின் டிரங்குப் பெட்டி: நினைவையும் ஆவணத்தையும் காப்பாற்றும் வழி

“அப்பா மிலிட்டரியில இருந்தார்” என்று பெருமையாகச் சொல்லும் பிள்ளைகளிடம் எந்த யூனிட், எந்த வருடம் சேர்ந்தார், சர்வீஸ் நம்பர் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பலருக்கும் பேச்சு அத்தோடு நின்றுவிடும். இந்த மூன்றும் தெரியாமல் அவர் பெயரை ஒரு நினைவுக் கல்லில் சரியாகப் பொறிக்க முடியாது. அவர் காலத்துக்குப் பிறகு மனைவிக்குச் சேர வேண்டிய ஓய்வூதியமும் இழுபறியாகிவிடும். மரியாதை, உதவி இரண்டுக்கும் வேர் ஒரே காகிதக் கட்டில்தான் இருக்கிறது. அந்தக் கட்டைச் சேர்க்க வேண்டும், கெடாமல் வைக்க வேண்டும், அதில் இல்லாததை அவர் வாயால் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும், பிறகு குடும்பத்துக்குப் பயன்படும்படி அடுக்க வேண்டும். அவர் உட்கார்ந்து பேசும் நிலையில் இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள்.

நோட்டின் முதல் பக்கம்

ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் இவற்றை எழுதுங்கள்: படைப் பதிவேட்டில் உள்ளபடி முழுப் பெயர், சர்வீஸ் நம்பர், சேர்ந்த தேதி, சேர்ந்த இடம், பயிற்சி பெற்ற இடம், பணியாற்றிய யூனிட்கள் வரிசையாக, கடைசிப் பதவி, விடுவிக்கப்பட்ட தேதி, அதற்கான காரணம், பெற்ற பதக்கங்கள்.

“படைப் பதிவேட்டில் உள்ளபடி” என்பதுதான் இதில் உயிர். ஊரில் கூப்பிடுவது ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், ஆள் எடுத்த அன்று எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் என்று ஒரே ஆளுக்கு மூன்று இருக்கும். தமிழ்ப் பெயர்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். இனிஷியலை விரித்து எழுதும்போது தகப்பன் பெயர் முன்னால் போய், கடைசியில் தகப்பன் பெயரே வீரரின் பெயராக நிலைத்துவிடுவது உண்டு. எல்லா வடிவங்களையும் எழுதி, எந்தப் பெயர் எந்த ஆவணத்தில் இருக்கிறது என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் கேட்கும்போது அந்தக் குறிப்பே பாதி வேலையை முடித்துவிடும்.

எண்ணை எழுதும்போது முன்னும் பின்னும் வரும் எழுத்துகளை விட்டுவிடாதீர்கள். எண் மாறியிருக்கவும் கூடும். இந்திய ராணுவத்தில் ஜே.சி.ஓ. (சிப்பாய்க்கும் ஆணைபெற்ற அதிகாரிக்கும் இடைப்பட்ட நாயப் சுபேதார், சுபேதார் போன்ற பதவி) ஆனவருக்கு ‘ஜே.சி.’ என்று தொடங்கும் புதிய எண் கிடைக்கும். பழையது, புதியது இரண்டுமே வேண்டும்.

இவையெல்லாம் எங்கே கிடைக்கும்? முதலில் படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக், அடுத்து ஓய்வூதியம் வழங்கிய பென்ஷன் ஆர்டர். அவை இல்லாவிட்டால் பழைய கடிதங்களின் அனுப்புநர் முகவரியைப் பாருங்கள்; எண், பதவி, யூனிட் மூன்றும் அதில் இருக்கும். சுவரில் மாட்டிய குரூப் போட்டோவின் அடியில் அச்சிட்ட வரியையும் விடாதீர்கள். பலரும் பார்க்கத் தவறுவது பதக்கத்தின் விளிம்பு. பதக்கத்தை விளிம்பில் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்படி மெதுவாகச் சுற்றுங்கள். பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. தேய்ந்து மழுங்கிய எழுத்துகள்கூட சாய்வெளிச்சத்தில் நிழல் விட்டு எழுந்து நிற்கும். நேர் வெளிச்சத்தில் வெறும் கீறலாகத் தெரிந்தது எண்ணாகவும் பெயராகவும் மாறும். முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம், வெற்றிப் பதக்கம் இரண்டிலும் விளிம்பில் எண், பதவி, பெயர், யூனிட் பொறித்திருக்கும். 1914–15 நட்சத்திரம் என்ற பதக்கத்தில் இவை பின்பக்கம் இருக்கும். இரண்டாம் உலகப் போர் நட்சத்திரங்களைப் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றில் பெயர் உண்டு. ஆகவே பெயரில்லாத நட்சத்திரத்தைப் பார்த்துப் போலி என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

“அரசாங்கத்திடம் எல்லாம் இருக்கும், கேட்டால் தருவார்கள்” என்று இருந்துவிடாதீர்கள். 1940 செப்டம்பரில் லண்டன் ஆர்ன்சைட் தெருக் கிடங்கின் மீது குண்டு விழுந்தபோது, முதல் உலகப் போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் சிப்பாய்களின் பணிக் கோப்புகளில் பாதிக்கு மேல் எரிந்துபோயின. 1973 ஜூலை 12 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பதிவு மையத்தில் பிடித்த தீயில் 1 கோடியே 60 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சம் வரையிலான கோப்புகள் அழிந்தன. அதன்பின் அந்தக் குடும்பங்களுக்குக் கைகொடுத்தவை வீட்டுப் பெட்டியில் கிடந்த ஒற்றைத் தாள்களும் கடிதங்களும்தான்.

காகிதத்தைக் கெடுப்பவை

முதல் எதிரி லேமினேஷன். பத்திரமாக இருக்கட்டும் என்று டிஸ்சார்ஜ் சான்றிதழை லேமினேட் செய்துவிடுகிறார்கள். சூட்டிலும் அழுத்தத்திலும், தாளில் மேடாக எழும்பியிருக்கும் எம்போஸ் முத்திரை தட்டையாகிவிடும். பசை காகித நாருக்குள் இறங்கிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. அசல்தானா என்று தடவிப் பார்க்கும் அதிகாரிக்கு அது நகலாகவே படும். லேமினேட் செய்தே ஆக வேண்டும் என்றால் ஜெராக்ஸைச் செய்யுங்கள்.

செலோடேப், ரப்பர் பேண்ட், ஸ்டேப்ளர் பின், குண்டூசி நான்கையும் எடுத்துவிடுங்கள். டேப்பின் பசை சில ஆண்டுகளில் பழுப்பாகி மையைத் தின்னும். பின் துருப்பிடித்து ஓட்டை போடும். ரப்பர் உருகி ஒட்டும், அதிலுள்ள கந்தகம் பக்கத்தில் இருக்கும் வெள்ளியையும் கறுக்கவைக்கும். ஏற்கெனவே ஒட்டியிருக்கும் டேப்பை மட்டும் உரிக்காதீர்கள், எழுத்தோடு வந்துவிடும். அப்படியே ஸ்கேன் எடுத்துவிட்டுத் தனி உறையில் வையுங்கள்.

உறை வாங்கும்போது பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் என்று கேட்டு வாங்குங்கள். நெகிழ்வாக, புது ரெயின்கோட் வாசனையோடு இருக்கும் பி.வி.சி. உறை வேண்டாம். அது நாளடைவில் அமிலம் விடும், மையை உறிஞ்சி உறையோடு ஒட்டவைக்கும். மடித்த தாள்களை விரித்தே வையுங்கள். மடிப்பில்தான் முதலில் கிழியும். மடிப்பு விறைத்துப்போயிருந்தால் கையால் அழுத்தாமல், இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து மேலே கனமான புத்தகம் ஏற்றி ஒரு வாரம் விடுங்கள்.

ஸ்கேன் செய்ய, ஆவணங்களுக்கு 300 டி.பி.ஐ. (ஒரு அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு) போதும், சிறிய போட்டோக்களுக்கு 600 வையுங்கள். தாளின் பின்பக்கத்தையும் எடுங்கள். முத்திரைகளும், விடுப்புக் குறிப்புகளும், “நான்காவது வரிசையில் நான்” என்ற கிறுக்கலும் பின்பக்கத்தில்தான் இருக்கும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு முதலில், பிறகு பொருள், பிறகு பக்கம் என்று போட்டால் தானாகவே கால வரிசையில் அடுக்கிக்கொள்ளும். ஸ்கேனர் இல்லையென்றால் ஃபோனே போதும். ஜன்னல் ஓரத்தில் தாளைக் கிடத்தி, ஃபிளாஷை அணைத்து, ஃபோனைத் தாளுக்கு இணையாகப் பிடியுங்கள். பிரதி மூன்று வேண்டும், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்க வேண்டும். வெள்ளமோ தீயோ வந்தால் ஒரே அலமாரியில் இருக்கும் மூன்றும் ஒன்றாகத்தான் போகும்.

போட்டோவின் பின்னால் பெயர் எழுத 4பி போன்ற மென்மையான பென்சில், ஓரத்தில் லேசாக. பால்பாயின்ட் பேனா அழுந்தி முன்பக்கம் வரிவரியாகத் தெரியும். குரூப் போட்டோவாக இருந்தால் அதன்மேல் எழுதவே வேண்டாம். ஒரு பிரிண்ட் எடுத்து, ஒவ்வொரு தலைக்கும் எண் போட்டு, எண்ணுக்கு நேரே பெயர் எழுதுங்கள். அவரிடம் காட்டும்போது பிரிண்டை ஏ4 அளவுக்குப் பெரிதாக்குங்கள். தபால் அட்டை அளவுப் படத்தில் முகம் தெரியாமல் “ஞாபகம் இல்ல” என்பவர், பெரிதாக்கியதும் பெயர்களை வரிசையாகச் சொல்லத் தொடங்குவார்.

பதக்கமும் சீருடையும்

பதக்கத்தைத் தேய்க்காதீர்கள். பாலிஷ் என்பது உலோகத்தைச் சிறிது சிறிதாகச் சுரண்டும் வேலைதான். ஒவ்வொரு தேய்ப்பிலும் முகத்தின் கூர்மையும் விளிம்பு எழுத்தும் குறைகின்றன. சில பதக்கங்கள் கருமை கலந்த வெண்கல நிறத்திலேயே செய்யப்படுபவை, பிரிட்டனின் உயரிய வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் அப்படித்தான். அதைப் பளபளவென்று ஆக்குவது கெடுப்பதாகும். மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றித் தூசி எடுத்தால் போதும். பச்சைப் பூ பூத்திருந்தால் எலுமிச்சை, புளி என்று கை வைக்காமல், உலர்வான இடத்துக்கு மாற்றிவிட்டு, அருங்காட்சியகத்தில் பழம்பொருள் பராமரிக்கும் ஆளிடம் காட்டுங்கள். விரல் வியர்வையே கறை விடும் என்பதால் பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளலாம்.

ரிப்பன் நைந்திருந்தாலும் தூக்கி எறியாதீர்கள், அவர் அணிந்த ரிப்பன் அது. புது ரிப்பன் வாங்கி மாட்டிக்கொண்டு, பழையதை அமிலமில்லாத தாளில் சுற்றித் தனியாக வையுங்கள். கம்பளி விரித்த பெட்டி வெள்ளியைக் கறுக்கவைக்கும், வெயில் படும் சுவர் ரிப்பனின் நிறத்தைக் குடித்துவிடும். பதக்கங்களை அடுக்கும் வரிசையும் விதிப்படிதான். அழகுக்காக மாற்றி மாட்டாமல், மாற்றும் முன் அவர் அணிந்திருந்த படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெற்றவர் அணிவது இடப்பக்க மார்பில். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும், இறந்தவரின் பதக்கத்தை நினைவு நாளில் குடும்பத்தார் வலப்பக்கம் அணிகிறார்கள். பார்ப்பவருக்கு அது யாருடையது என்று சொல்லாமலே புரிந்துவிடும்.

சீருடையைப் பிளாஸ்டிக் உறையில் மூடினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூசணம் பிடிக்கும். வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி, மடிப்புகளில் அமிலமில்லாத டிஷ்யூ தாளை உருட்டி வைத்து, அகலமான பெட்டியில் கிடத்துங்கள். பித்தளைப் பொத்தான்கள் துணியில் கறை விடும். ஒவ்வொன்றின் பின்னாலும் சிறு தாள் வட்டம் செருகலாம். பூச்சி அரித்த அடையாளம் இருந்தால் துணியை இறுக்கமாகக் கட்டிய பையில் போட்டு, மைனஸ் 18 டிகிரி ஃபிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் காற்றின் ஈரம் நேரே துணியில் படியும். பதக்கத்தையோ தோல் பெல்ட்டையோ அதோடு சேர்த்து உள்ளே வைத்துவிடாதீர்கள்.

பெட்டிக்குள் குண்டு, ஷெல், கையெறிகுண்டு போல ஏதாவது கிடந்தால் எடுக்காதீர்கள், துடைக்காதீர்கள், வண்டியில் ஏற்றிக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். அறையைப் பூட்டிவிட்டு, எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, காவல்துறைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். “அப்பாவே ஐம்பது வருஷமா வச்சிருந்தார், ஒண்ணும் ஆகல” என்பதில் தைரியம்கொள்ள எதுவும் இல்லை. பழைய வெடிமருந்து வயதாக ஆகத்தான் நிலையிழக்கிறது.

அவரைப் பேசவைப்பது

இதுதான் பெரிய வேலை. தாளில் தேதி இருக்கும். அன்று மழை பெய்ததா, பக்கத்தில் படுத்திருந்தவன் யார், கடிதம் வர எத்தனை நாள் ஆனது என்பதெல்லாம் அவரிடம் மட்டும்தான் இருக்கும்.

முதலில் அனுமதி. “அப்பா, நீங்க சொல்றதைப் பதிவு பண்ணி வச்சுக்கலாமா? யார் யார் கேக்கலாம்னு நீங்களே சொல்லுங்க” என்று கேளுங்கள். வீட்டுக்கு மட்டும், யூனிட் நண்பர்களுக்கும் சேர்த்து, எல்லோருக்கும் என்று மூன்றில் அவர் எதைச் சொல்கிறாரோ அதைப் பதிவின் தொடக்கத்தில் அவர் குரலிலேயே சொல்லவையுங்கள். ரகசியம் காக்கும் கடமை ஓய்வுக்குப் பிறகும் தொடரும். “இது வேணாம்” என்று அவர் தாண்டிப் போனால் வற்புறுத்தாமல் விட்டுவிடுங்கள்.

அவர் காது கேட்கும் அளவைக் கணக்கில் எடுங்கள். துப்பாக்கி வெடியோசை 140 டெசிபெலைத் தாண்டும். காதில் முதலில் கெட்டுப்போவது உச்ச சுருதி ஒலிகளைப் பிடிக்கும் திறன். அதனால் பேச்சுச் சத்தம் கேட்கும், சொல் பிரிந்து விளங்காது. ‘ச’வும் ‘த’வும் மங்கிவிடும், பெண்கள், குழந்தைகள் குரல் இன்னும் கடினம். வலது தோளில் துப்பாக்கி வைத்துச் சுட்டவருக்குப் பெரும்பாலும் இடது காதுதான் கூடுதலாகப் பழுதாகியிருக்கும், ஏனென்றால் குழல் முனைக்கு நேரே திரும்பியிருப்பது அதுதான். அவருக்கு வலப்பக்கமாக, முகம் பார்க்கும்படி, உங்கள் முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்காருங்கள். கத்தாமல், குரலைத் தாழ்த்தி நிதானமாகப் பேசுங்கள். கத்தினால் சொல் இன்னும் சிதையும், கேட்பவருக்கு யாரோ அதட்டுவது போலவும் இருக்கும். “காது கேட்கல” என்று ஒப்புக்கொள்ள மனமில்லாமல் “ஆமா, ஆமா” என்று தலையாட்டுபவர்கள் நிறைய. பொருந்தாத பதில் வந்தால் கேள்வியை வேறு சொற்களில் கேளுங்கள்.

ஃபோன் ரெக்கார்டரே போதும். ஏரோபிளேன் மோடில் போடுங்கள்; ஒரு அழைப்பு வந்தால் பல ஃபோன்களில் பதிவு நின்றுவிடும். மின்விசிறியை அணையுங்கள், சுவர்க் கடிகாரத்தை வெளியே எடுத்துவிடுங்கள். சட்டையில் குத்தும் மைக் என்றால் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். இரண்டு நிமிடம் பதிவுசெய்து, ஹெட்ஃபோனில் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஒரு மணி நேரம் பேசியதெல்லாம் வெறும் இரைச்சலாக இருந்தால், அவர் அதே வேகத்தோடு இன்னொரு தரம் சொல்லமாட்டார். அமெரிக்க நாடாளுமன்றம் 2000-இல் தொடங்கிய படைவீரர் வரலாற்றுத் திட்டத்தில் ஒரு பதிவு குறைந்தது 30 நிமிடம் இருக்க வேண்டும் என்பது விதி. வீட்டில் 45 நிமிடம் நல்ல அளவு. ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் உடலும் மனமும் களைத்துவிடும். ஒரே நாளில் முடிக்க நினைக்காமல், காலை வேளையாக நான்கைந்து முறை உட்காருங்கள். இரவில் வேண்டவே வேண்டாம். கிளறிவிட்ட நினைவோடு தூங்கப் போகும்படி ஆகிவிடும்.

கேள்வியைப் போரிலிருந்து தொடங்காதீர்கள். ஆள் எடுத்த அன்று யாரோடு போனார், எடையும் மார்பளவும் எடுக்க எத்தனை நேரம் நின்றார், முதல் நாள் பூட்ஸ் எப்படிக் கடித்தது என்று கேளுங்கள். கை தொட்ட பொருள்களைப் பற்றிக் கேட்டால் நினைவு தானாக ஓடி வரும். “அப்பா, அந்த ரயில்ல பக்கத்துல யார் உக்காந்திருந்தாங்க?” என்ற கேள்விக்கு அரை மணி நேரப் பதில் வரும். “உங்க ராணுவ வாழ்க்கை எப்படி இருந்துச்சு?” என்று கேட்டால், “நல்லாத்தான் இருந்துச்சு” என்பதோடு முடிந்துவிடும். இடம், பிறகு ஆட்கள், பிறகு அந்த நாள் என்று போங்கள்.

“எத்தனை பேரைச் சுட்டீங்க?” என்று யாரும் கேட்கக் கூடாது. குழந்தைகள் கேட்டுவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இறந்த தோழனைப் பற்றிப் பேச்சு வந்தால் பெயரும் ஊரும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எப்படி இறந்தார் என்பதை அவராகச் சொன்னால் கேளுங்கள். இரண்டு உலகப் போர்களில் ஏதாவது ஒன்றில் இறந்தவராக இருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் தேடலாம். 1917-இல் தொடங்கிய அந்த அமைப்பு 17 லட்சம் பேரின் நினைவைப் பராமரிக்கிறது. கல்லறை எங்கே இருக்கிறது, அல்லது எந்த நினைவுச் சுவரில் பெயர் இருக்கிறது என்பதைக் காட்டும், தேடக் கட்டணம் கிடையாது. அடுத்த முறை உட்காரும்போது அந்தப் பக்கத்தை அச்செடுத்து அவர் கையில் கொடுங்கள்.

அவர் பேச்சை நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்த மௌனத்துக்குப் பிறகு வருவதுதான் பெரும்பாலும் அவர் சொல்ல நினைத்தது. ஆண்டைத் தப்பாகச் சொன்னால் குறுக்கிட்டுத் திருத்த வேண்டாம். நோட்டில் குறித்துவைத்து, பின்னால் தாளோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். படையில் புழங்கிய இந்தி, ஆங்கிலச் சொற்களை எழுத்தில் மாற்றாதீர்கள். “பரேட்” (அணிவகுப்பு), “லங்கர்” (படைச் சமையல்கூடம்), “சுட்டி” (விடுப்பு) என்று அவர் சொன்னால் அப்படியே எழுதி, பொருளை ஓரத்தில் போடுங்கள்.

மனைவியையும் அதேபோல் பதிவுசெய்யுங்கள், தனியாக, வேறொரு நாளில். கணவர் எல்லையில் இருந்த வருடங்களில் வீட்டைத் தாங்கியவர் இவர். எத்தனை ஊர் மாறினார்கள், குழந்தை பிறந்தபோது தந்தி போக எத்தனை நாள் ஆனது, செய்தி வராத வாரங்களை எப்படிக் கழித்தார் என்று அவரிடம் கேட்க வேண்டியது ஏராளம். கணவர் பக்கத்தில் இருந்தால் “அவர் சொன்னதுதான்” என்று ஒதுங்கிவிடுவார். குடும்பத்தாரின் பதிவுகளில் இதுதான் மிக அதிகமாக விடுபடுகிறது, எங்கள் கருத்தில் மிகப் பெரிய இழப்பும் இதுதான்.

மனம் கலங்கும்போது

மூச்சு வேகமாவது, கை நடுங்குவது, பார்வை எங்கோ நிலைகுத்துவது, “இப்ப வர்றாங்க” என்று நிகழ்காலத்தில் பேசுவது ஆகியவை அவர் அந்த இடத்துக்கே திரும்பிப் போய்விட்டதன் அடையாளங்கள். பதிவை நிறுத்துங்கள். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, இன்று என்ன கிழமை, எந்த அறையில் இருக்கிறோம் என்று அமைதியாகச் சொல்லுங்கள். கால் இரண்டையும் தரையில் ஊன்றச் சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள். பின்னாலிருந்து தொடாதீர்கள். தூக்கத்தில் அலறுபவரையும் உலுக்கி எழுப்பக் கூடாது. விலகி நின்று, விளக்கைப் போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். திடீரென்று கை படும்போது அவர் உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளத் தாக்கக்கூடும். விழித்த பிறகு அதற்காக அவரே உடைந்துபோவார்.

அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் சேர்ந்தது. அதற்கு முன் பணியாற்றிய பலருக்கு இது நோய் என்றோ, மருத்துவம் உண்டு என்றோ யாரும் சொன்னதில்லை. உண்டு என்பதைச் சொல்லுங்கள். பயிற்சி பெற்ற மனநல வல்லுநர் கட்டுப்பாட்டோடு நினைவை எதிர்கொள்ளவைக்கும் சிகிச்சை பொதுவாக 8 முதல் 15 அமர்வு, ஒவ்வொன்றும் சுமார் 90 நிமிடம். நாற்பது ஆண்டு கழித்தும் பலன் தரும். வீட்டில் நடக்கும் பதிவு அதற்கு மாற்று ஆகாது, சிகிச்சையாக அதை நடத்தவும் கூடாது.

“எல்லாருக்கும் பாரமா இருக்கேன்”, “போய்ச் சேர்ந்தா நல்லது” என்று பேசினாலோ, பொருள்களைப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கினாலோ, சுற்றிவளைக்காமல் கேளுங்கள்: “அப்பா, உயிரை விட்டுரலாம்னு தோணுதா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது; மறைத்துவைத்தவருக்குச் சொல்ல வாய் திறக்கும். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். துப்பாக்கி, பூச்சிமருந்து, சேர்த்துவைத்த மாத்திரைகளை வீட்டைவிட்டே அகற்றுங்கள். அன்றே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

குடும்பத்துக்கு இப்போதே சரிசெய்ய வேண்டியவை

பெட்டியைத் திறந்த கையோடு ஒன்றைச் சரிபாருங்கள்: படைப் பதிவேட்டில் மனைவியின் பெயர், பிறந்த தேதி, திருமணத் தேதி எப்படி இருக்கின்றன? அவருடைய இன்றைய அடையாள அட்டையோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா? கணவர் உயிரோடு இருக்கும்போது அவர் கையெழுத்தோடு செய்யும் திருத்தம், அவர் போன பிறகு விதவை தனியாக அலைந்து செய்யும் திருத்தத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. பணிக் காலத்துக்குப் பிறகு பிறந்த குழந்தை, இரண்டாம் திருமணம், வாழ்நாள் முழுக்க ஆதரவு தேவைப்படும் மாற்றுத்திறனாளிப் பிள்ளை இவை பதிவேட்டில் ஏறியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். கடைசியாகச் சொன்னது விடுபட்டால் பெற்றோர் இருவருக்கும் பிறகு அந்தப் பிள்ளை நிர்க்கதியாக நிற்கும்.

விடுவிக்கும்போது எடுத்த மருத்துவப் பரிசோதனை அறிக்கையைத் தனி உறையில் வையுங்கள். முழங்கால், முதுகு, காது, நுரையீரல் எதுவானாலும், பணியின்போது வந்ததா என்ற கேள்விக்கு அந்த அறிக்கைதான் பதில். அதில் இல்லாத காயத்துக்கு, அப்போது உடனிருந்த தோழர் எழுதிக் கொடுக்கும் சாட்சியம் உதவும். சாட்சி சொல்லக்கூடியவர்களும் வயதானவர்கள். குரூப் போட்டோவில் பெயர் எழுதியபோது கிடைத்த முகவரிகளுக்கு இந்த மாதமே எழுதுங்கள்.

அண்டை வீட்டுக்காரராகவோ நண்பராகவோ உதவ நினைப்பவர்கள், “எது வேணும்னாலும் கேளுங்க” என்று சொல்லிவிட்டுப் போவது நல்லெண்ணம்தான், ஆனால் யாரும் கேட்கமாட்டார்கள். “வியாழக்கிழமை காலைல ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிட்டுப் போறேன்மா, ஒன்பது மணிக்கு வரட்டுமா?” என்று நாளும் நேரமும் வைத்துச் சொல்லுங்கள். படுத்திருப்பவரை மூன்று மணி நேரம் நீங்கள் பார்த்துக்கொண்டால் அவர் மனைவி தூங்கலாம். இறப்பு வீட்டில் முதல் பத்து நாள் கூட்டம் இருக்கும். மூன்றாம் மாதத்தில் ஓய்வூதிய விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படும்போதுதான் ஆள் தேவைப்படும். உங்கள் காலண்டரில் அந்த மாதத்தைக் குறித்துவையுங்கள்.

மேடையில் கௌரவிக்கும்போது

இந்தியாவில் ஜனவரி 14, அமெரிக்காவில் நவம்பர் 11 என்று முன்னாள் படைவீரர்களுக்கான நாள்கள் உண்டு. ஜனவரி 14, ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான ஃபீல்ட் மார்ஷல் கரியப்பா 1953-இல் ஓய்வுபெற்ற நாள். விழா நடத்துபவர்கள் பெயர், பதவி, யூனிட் மூன்றையும் ஒரு வாரம் முன்பே குடும்பத்திடம் எழுதி வாங்கி, அறிவிப்பவரைச் சத்தமாகப் படித்துப் பழகச் சொல்லுங்கள். மேடையில் பதவி குறைந்துபோனாலோ பெயர் சிதைந்தாலோ அந்தப் பொன்னாடையே வேண்டாம் என்று ஆகிவிடும். தலைவர் வரும்வரை முதியவர்களை வெயிலில் நிற்கவைக்காதீர்கள். அவர் படியேற வேண்டாம், மரியாதை செய்பவர் இறங்கி வரட்டும். பட்டாசு கூடாது. கட்டாயம் உண்டு என்றால் நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், எதிர்பாராத வெடிதான் ஆளை உலுக்கும். முதல் உலகப் போர் நின்ற முதலாண்டு நினைவாக 1919 நவம்பர் 11 காலை 11 மணிக்குத் தொடங்கிய இரண்டு நிமிட மௌனத்தைக் கடைப்பிடிப்பதானால், கடிகாரம் பார்த்து முழு இரண்டு நிமிடம் நில்லுங்கள். அறிவிப்பவர் பதற்றத்தில் நாற்பது நொடியில் முடித்துவிடுவது வழக்கமாக நடக்கும் பிழை. மறைந்தவரின் மனைவியை அழைத்தால் “இன்னாரின் மனைவி” என்று மட்டும் சொல்லாமல் அவருடைய பெயரையும் சொல்லிக் கூப்பிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் டிரங்குப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒரு உறை ஒட்டி, அதில் ஒரு தாள் வையுங்கள்: பெயர், எண், யூனிட்; உள்ளே இருப்பவற்றின் பட்டியல்; பதிவுகள் எந்த ஃபோனில், எந்த வீட்டில் இருக்கின்றன; பென்ஷன் ஆர்டரின் எண்; எந்த அலுவலகத்துக்கு முதலில் தெரிவிக்க வேண்டும். பெட்டியைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் உயரத்தில், வெளிச்சுவரை ஒட்டாமல் வையுங்கள். உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நான்கு, நிறம் மாறியதும் மாற்றுங்கள். சாவி எங்கே என்பது அவர் மனைவிக்கும், பிள்ளைகளில் குறைந்தது இருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.